பதினெட்டு மீட்டர் ரோபோவுக்கு யார் கிரீஸ் அடிப்பது?

அறிவியல் புனைகதைப் படங்களில் ராட்சதப் போர் ரோபோ வந்து நின்றால் எல்லோரும் அதன் துப்பாக்கியைப் பார்ப்பார்கள். நான் முழங்காலைப் பார்ப்பேன். மூட்டைக் கோக்கும் ‘பின்’ (இரும்பு அச்சு) எங்கே இருக்கிறது, ஆயில் ஹோஸ் எந்த வழியாகப் போகிறது, கால் மடங்கும்போது அது எதில் உரசும், கிரீஸ் ஏற்றும் நிப்பிளுக்குக் கை எட்டுமா. என்னோடு படம் பார்ப்பது பக்கத்தில் இருப்பவர்களுக்குத் தண்டனைதான். என்ன செய்ய, மண் அள்ளும் கனரக இயந்திரங்களைப் பராமரித்துச் சம்பளம் வாங்குகிறவன். எக்ஸ்கவேட்டர், டோசர், டம்பர், சில காலம் திறந்தவெளிச் சுரங்கத்தில் டிராக்லைன் (கயிற்றில் கட்டிய பெரிய வாளியை இழுத்து மண் அள்ளும் ராட்சத இயந்திரம்). ஹைட்ராலிக் ஆயில் வாசனை என் சட்டையை விட்டு முழுசாகப் போனதே இல்லை.

இதையெல்லாம் நிஜத்தில் செய்ய முடியுமா என்று கேட்கிறார்கள். முடியும். ஒரு வகையில் செய்தும் பார்த்துவிட்டார்கள். 1979-இல் வந்த ‘கன்டம்’ என்ற ஜப்பானிய அனிமே தொடரின் நாயக ரோபோவை 18 மீட்டர் உயரத்துக்கு, அசல் அளவிலேயே, யோகோஹாமா துறைமுகத்தில் நிறுவினார்கள். 2020 டிசம்பரில் திறந்து 2024 மார்ச் வரை வைத்திருந்தார்கள். எடை சுமார் 25 டன். கை அசையும், விரல் மடங்கும், முழங்கால் தூக்கும். பார்க்க அழகு. ஆனால் இடுப்புக்குப் பின்னால் ஒரு இரும்புச் சட்டம் அதைப் பிடித்துக்கொண்டே இருக்கும். கால்கள் நடப்பதுபோல் அசையும். எடையைத் தாங்குவது அந்தச் சட்டம். அதைக் குறையாகச் சொல்லவில்லை. கால் மட்டும் போதாது என்று அதைக் கட்டியவர்களுக்கே தெரிந்திருந்தது என்பதற்காகச் சொல்கிறேன்.

கதையில் அதன் எடை 43.4 டன் என்று கொடுத்திருக்கிறார்கள். இந்த எண் எனக்கு ரொம்பப் பிடிக்கும். 1.8 மீட்டர் உயரமும் 75 கிலோ எடையும் உள்ள ஒரு மனிதரை அப்படியே பத்து மடங்கு பெரிதாக்கினால் உயரம் 18 மீட்டர். எடை ஆயிரம் மடங்கு, அதாவது 75 டன். வெறும் சதையும் எலும்புமே 75 டன் என்றால், கவசம் போட்ட உலோக ரோபோ 43 டன் எப்படி? கணக்குப்படி அது தண்ணீரில் போட்டால் மிதக்கும். சரி, நிஜ எஃகில் செய்வோம் என்றால் எடை பல மடங்கு ஏறும். எடை ஆயிரம் மடங்கு ஏறும்போது எலும்பின் குறுக்குப் பரப்பு நூறு மடங்குதான் ஏறும். ஒவ்வொரு மூட்டிலும் அழுத்தம் பத்து மடங்கு. கலிலியோ 1638-லேயே இதை எழுதி வைத்துவிட்டார். யானையின் கால் கொசுவின் கால் மாதிரி இல்லாததற்குக் காரணம் இதுதான்.

படம் எடுப்பவர்கள் இதைக்கூட ஏதாவது புது உலோகத்தைக் காட்டிச் சமாளித்துவிடுவார்கள். சமாளிக்க முடியாதது தரை. தரையைப் பற்றி யாரும் கேட்பதே இல்லை, எனக்கு அதுதான் ஆச்சரியம். எங்கள் தொழிலில் இயந்திரம் வேலைக்கு இறங்குமுன் கேட்கிற முதல் கேள்வியே மண் தாங்குமா என்பது. 20 டன் எக்ஸ்கவேட்டர் தன் ட்ராக் (சக்கரத்துக்குப் பதிலான இரும்புப் பட்டை) மூலம் தரையில் தரும் அழுத்தம் சதுர மீட்டருக்கு நான்கைந்து டன். 60 டன்னுக்கு மேல் எடையுள்ள அமெரிக்க ஆப்ராம்ஸ் டாங்கிக்கு அது சுமார் 10 டன். இப்போது ஆயுதம், எரிபொருள் எல்லாம் ஏற்றிய 60 டன் ரோபோ ஒன்று நடக்கிறது. பாதம் தாராளமாக 3 சதுர மீட்டர் என்று வைப்போம். நடக்கும்போது ஒரு கட்டத்தில் முழு எடையும் ஒரே காலில்: சதுர மீட்டருக்கு 20 டன். கால் வந்து இறங்கும் வேகத்தைச் சேர்த்தால் இன்னும் அதிகம். ஈரக் களிமண் இதில் பாதியைக்கூடத் தாங்காது. எதிரி எதுவும் செய்ய வேண்டாம், ஒரு மழைக்குக் காத்திருந்தால் போதும்.

அப்புறம், விழுவது. டாங்கி விழாது. கவிழலாம், பள்ளத்தில் இறங்கலாம், ஆனால் நின்ற நிலையிலிருந்து குப்புற விழாது. 18 மீட்டர் உயரக் கம்பம் ஒன்று அடியில் நிலைத்தபடி சாய்ந்து விழுவதாக எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஓட்டுநர் மார்புப் பகுதியில், தரையிலிருந்து 13 மீட்டர் உயரத்தில் இருந்தால், அவர் தரையை மோதும் வேகம் மணிக்கு 60 கிலோமீட்டர். காலில் ஒரு வாஷர் போனால் நேரும் விபத்து இது. குண்டு படுவதெல்லாம் அப்புறம். மறைவதும் கஷ்டம்: சமதரையில் 18 மீட்டர் உயரத்தில் உள்ள ஒன்று 15 கிலோமீட்டர் தள்ளியிருந்தே தெரியும். ஆப்ராம்ஸ் இரண்டரை மீட்டர்கூட இல்லை. கோபுரத்தைச் சில சென்டிமீட்டர் தாழ்த்துவதற்காக டாங்கி வடிவமைப்பாளர்கள் படாதபாடு படுகிறார்கள். இங்கே தலைக்கு மேல் கொம்பு வேறு.

ஆனால் நடக்கும் ராட்சத இயந்திரங்கள் உலகத்தில் இருக்கின்றன. நூறு வருஷத்துக்கும் மேலாக இருக்கின்றன. போர்க்களத்தில் இல்லை, சுரங்கத்தில். டிராக்லைன் என்கிற அந்த மிருகத்தைப் பற்றித்தான் இந்தப் பதிவில் எழுத ஆசையே.

பெரிய டிராக்லைனுக்கு ட்ராக் கிடையாது, சக்கரம் கிடையாது. அடியில் வட்டமான பெரிய தட்டு. வேலை செய்யும்போது அதன்மேல்தான் உட்கார்ந்திருக்கும். இரண்டு பக்கமும் ஆளுக்கொரு நீளமான பாதம். நகர வேண்டுமென்றால் பாதங்கள் சுழன்று தரையில் ஊன்றும், உடம்பைக் கொஞ்சம் தூக்கும், இரண்டு மீட்டர் போல பின்னால் இழுத்து மறுபடி உட்கார வைக்கும். பாதங்கள் மேலேறி அடுத்த அடிக்குத் தயாராகும். எப்போதும் பின்பக்கமாகத்தான் நடக்கும். ஒரு மணி நேரத்தில் சில நூறு மீட்டர். அமெரிக்காவின் ஒஹாயோவில் ‘பிக் மஸ்கி’ என்று ஒன்று 1969-இல் வேலைக்கு வந்தது, எடை சுமார் 12,000 டன். அதுவும் நடந்தது. 1999-இல் உடைத்து இரும்புக்குப் போட்டார்கள். மண் அள்ளும் வாளியை மட்டும் நினைவுச்சின்னமாக வைத்திருக்கிறார்கள்.

டிராக்லைன் நடப்பதைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். தரை முதலில் முனகும். பிறகு ஒரு கட்டடம் எழுந்து, யோசித்து, உட்காரும். அதைப் பார்த்தவனுக்கு எந்தப் படத்து ரோபோவும் பெரிதாகத் தெரியாது. ஆனால் அது ஏன் நடக்கிறது என்று கவனியுங்கள். அவ்வளவு எடையை மண் தாங்க வேண்டும் என்றால் பெரிய பரப்பில் உட்கார வைக்க வேண்டும், அதனால். புனைகதையில் கால் வைப்பது உயரமாக, வேகமாக, மனிதன் மாதிரி இருக்க. சுரங்கத்தில் கால் வைத்தது தாழ்வாக, மெதுவாக, எந்த நொடியிலும் விழ முடியாதபடி இருக்க. இரண்டும் நேர் எதிர்.

இன்னொன்று, டிராக்லைனுக்குப் பின்னால் ஒரு மின்கேபிள் இழுபட்டுக்கொண்டே வரும். ஜெர்மனியின் ‘பாகர் 288’ என்ற வாளிச்சக்கர இயந்திரம் 13,500 டன். அதற்கு 16 மெகாவாட்டுக்கு மேல் மின்சாரம் வெளியிலிருந்து வர வேண்டும். 2001-இல் அதை ஒரு சுரங்கத்திலிருந்து இன்னொன்றுக்கு 22 கிலோமீட்டர் நகர்த்த மூன்று வாரம் பிடித்தது. தரையில் ஓடும் போர்க்கப்பல் என்று கதைகளில் வருகிறதே, அதன் நிஜ வடிவம் இதுதான். ஒரு ஆள் கேபிளை வெட்டினால் போர் முடிந்தது.

இரண்டாம் உலகப்போரில் ஜெர்மானியர்கள் இந்தப் பாதையில் கொஞ்ச தூரம் போனார்கள். ‘மவுஸ்’ டாங்கி, 188 டன். பெரும்பாலான பாலங்கள் அதைத் தாங்காது என்பதால், ஆற்றின் அடியிலேயே ஓட்டிக் கடப்பது என்று திட்டம். அதற்கு மின் இயக்கம். ஒரு மவுஸ் கரையில் நின்று கேபிள் மூலம் மின்சாரம் கொடுக்க, இன்னொன்று நீருக்கடியில் நகரும். பிறகு முறை மாறும். காகிதத்தில் படிக்கும்போது புத்திசாலித்தனம். ஆற்று நடுவில் ஒன்று பழுதானால் என்ன செய்வீர்கள் என்று அந்தக் கூட்டத்தில் ஒரு ஃபிட்டர் கேட்டிருந்தால் பேச்சு அங்கேயே நின்றிருக்கும். முன்மாதிரியாக இரண்டு செய்ததோடு சரி. 1,000 டன்னில் ‘ராட்டே’ என்று இன்னொன்றும் வரைந்தார்கள், 1943-இல் கைவிட்டார்கள்.

நடக்கும் ராணுவ வண்டியை அமெரிக்காவில் நிஜமாகவே செய்து பார்த்தார்கள். 1960-களில் ஜெனரல் எலெக்ட்ரிக்கில் ரால்ஃப் மோஷர் என்ற பொறியாளர் செய்த நாலு கால் வண்டி. ஓட்டுநரின் இரண்டு கையும் முன்னங்கால்களை இயக்கும், இரண்டு காலும் பின்னங்கால்களை. மரக்கட்டைக் குவியல்மேல் ஏறும். ஆனால் ஓட்டுகிறவர் கொஞ்ச நேரத்திலேயே துவண்டுவிடுவார். நாலு காலையும் ஒவ்வொன்றாக நினைத்து நினைத்து நகர்த்த வேண்டும், யாரால் முடியும்? பிறகு கணினி அந்த வேலையை எடுத்துக்கொண்டது. பாஸ்டன் டைனமிக்ஸின் ‘எல்எஸ்3’, படைவீரர்களின் மூட்டையைச் சுமக்கும் கழுதை அளவு இயந்திரம், 180 கிலோ தூக்கும், காட்டுப் பாதையில் தானே நடக்கும். அமெரிக்க மரைன்கள் 2015 இறுதியில் அதை ஓரங்கட்டினார்கள். முக்கியக் காரணம் என்ஜின் சத்தம். எதிரிக்கு நாம் வருகிறோம் என்று சொல்லிக்கொண்டே வருகிற கழுதை எதற்கு?

சின்ன நாலு கால் ரோபோக்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை. அரை மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால் எழுந்து நடக்கும், அவ்வளவுதான். கலிலியோ சின்னதற்குத்தான் சாதகம்.

இப்போது என் துறைக்கு வருகிறேன். மனித வடிவ ரோபோவுக்குக் கால், கை, இடுப்பு, கழுத்து எல்லாம் சேர்த்து குறைந்தது 30 மூட்டு என்று வைப்போம். ஒவ்வொரு மூட்டும் ஒரு நாளைப் பழுதில்லாமல் கடக்க 99 சதவீத வாய்ப்பு உண்டு. புழுதியிலும் சேற்றிலும் அடி வாங்கும் மூட்டுக்கு இது தாராளமான மதிப்பெண். முப்பதும் ஒன்றாகத் தப்பிக்க என்ன வாய்ப்பு? 74 சதவீதம். அதாவது ஒரு நாள் சண்டைக்குப் பிறகு, எதிரி ஒரு தோட்டாகூடச் சுடாமலே, நான்கில் ஒரு ரோபோ ஷெட்டில் நிற்கும். சாதாரண எக்ஸ்கவேட்டரில் பூம், ஆர்ம், பக்கெட் என்று சில மூட்டுகள்தான், அதிலேயே ஷிஃப்ட் தொடங்குமுன் கிரீஸ் அடிக்காவிட்டால் ‘பின்’ தேய்ந்து ஆட்டம் கொடுக்க ஆரம்பித்துவிடும். சீல் ஒன்று போனால் ஆயில் பீச்சும்; அதை மாற்ற சிலிண்டரைக் கழற்ற வேண்டும், கழற்ற கிரேன் வேண்டும், கிரேன் நிற்கக் கெட்டியான தரை வேண்டும். பத்து மீட்டர் உயரத்தில் இருக்கும் இடுப்பு மூட்டுக்கு இதை யார் எப்படிச் செய்வது? அந்தப் படங்களில் கிரீஸ் கன்னோடு ஓர் ஆளை நான் இதுவரை பார்த்ததில்லை.

புனைகதைகளில் வரும் மற்ற ஆயுதங்களான லேசர், ரயில் துப்பாக்கி (ரயிலில் வைப்பது அல்ல; வெடிமருந்துக்குப் பதில் மின்சாரத்தால் குண்டை எறியும் ‘ரெயில்கன்’) பற்றிச் சுருக்கமாக. லேசர் பாதி ஜெயித்துவிட்டது. 2010 பிப்ரவரியில் ஒரு போயிங் 747-இல் பொருத்திய லேசர், கிளம்பிய ஏவுகணையை வானத்திலேயே சுட்டு வீழ்த்தியது. ஒரு முழு விமானமும் அதற்கே சரியாகப் போனது. எதிரி நாட்டுக்குப் பக்கத்திலேயே அது சுற்றிக்கொண்டிருக்க வேண்டும் என்பதால் திட்டத்தையே மூடினார்கள். இப்போது ட்ரோன் அடிக்கச் சின்ன லேசர்கள் வருகின்றன. ரயில் துப்பாக்கியில் அமெரிக்கக் கடற்படை 2021-இல் பணம் போடுவதை நிறுத்தியது. அதன் பெரிய தலைவலிகளில் ஒன்று குழல் தேய்வது. மறுபடியும் தேய்மானம், பாருங்கள்.

சரியாகக் கணித்தவரும் இருக்கிறார். ஆங்கில எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ் 1898-இல் தன் நாவலில் செவ்வாய்க்காரர்களுக்கு மூன்று கால் போர் இயந்திரம் கொடுத்தார், எல்லோருக்கும் அதுதான் ஞாபகம். ஐந்து வருஷம் கழித்து அவரே ஒரு சிறுகதையில் மனிதர்கள் செய்யும் தரைக்கப்பலை எழுதினார். இந்த முறை கால் இல்லை. டிப்ளாக் என்பவர் உண்மையிலேயே உருவாக்கியிருந்த, விளிம்பில் பாதங்கள் பொருத்திய சக்கரத்தை எடுத்து மாட்டினார். எடையைப் பரப்பில் பகிரும் சக்கரம் அது. மண்ணை நினைத்துப் பார்த்திருக்கிறார் மனிதர். 1916 செப்டம்பர் 15 அன்று, முதல் உலகப்போரில், பிரான்ஸின் சோம் போர்க்களத்தில் முதல் டாங்கிகள் இறங்கின. 49 தயாராக இருந்தன என்கிறார்கள்; தாக்குதல் தொடங்கும் கோட்டுக்கு வந்து சேர்ந்தவை 32. மற்றவை வழியிலேயே பழுதாகின, சிக்கின. முன்னால் போக வேண்டிய இயந்திரங்களில் மூன்றில் ஒரு பங்கு எதிரியைப் பார்க்கவே இல்லை.

அதனால்தான் ஒவ்வொரு டாங்கிப் படைக்கும் பின்னால் மீட்பு வண்டி போகிறது. ஆப்ராம்ஸ் கனமாகிக்கொண்டே போனதால், பழைய எம்88 மீட்பு வண்டிகளில் இரண்டைப் பூட்டி இழுக்க வேண்டியிருந்தது. பிறகு ஒன்றே இழுக்கும்படி ‘ஹெர்குலிஸ்’ செய்தார்கள், அதுவும் ஏறக்குறைய டாங்கி அளவுக்கே எடை. 18 மீட்டர் ரோபோ முழங்கால் போய் வயலில் குப்புறக் கிடந்தால் அதைத் தூக்க என்ன வண்டி, எத்தனை கிரேன், எந்தப் பாதை வழியாக வரும்? அந்த மீட்பு வண்டிக்காரர்களை நாயகர்களாக வைத்து யாராவது கதை எழுதியிருந்தால் கமென்ட்டில் பெயரைச் சொல்லுங்கள், வாங்கிப் படிக்கிறேன்.