தொட்டி நிழல் எந்தப் பக்கம் விழும்?

பணகுடிக்கும் வள்ளியூருக்கும் நடுவில் எங்கள் ஊர். எந்தப் பக்கம் திரும்பினாலும் கரண்ட் எடுக்கும் காற்றாலைக் காத்தாடிதான் சுற்றிக்கொண்டிருக்கும். ஆனால் எங்கள் அரசு உயர்நிலைப் பள்ளியில் கம்ப்யூட்டர் லேப் ஓடினால் வகுப்பு ஃபேன்களை அணைத்துவிட வேண்டும். இருந்த மின் இணைப்பு அவ்வளவுதான் தாங்கும்.

என் மகள் ஒன்பதாம் வகுப்பு. பள்ளி மேலாண்மைக் குழுவில் நானும் ஒரு உறுப்பினர். மும்பையில் இருக்கும் பழைய மாணவர்கள் ஊர்க் கோயில் கொடைத் திருவிழாவுக்கு வந்திருந்தபோது சோலார் பேச்சை எடுத்தோம். பத்து பேனல், ஒவ்வொன்றும் 540 வாட். மொத்தம் 5.4 கிலோவாட், மூன்று லட்சத்துக்குக் கொஞ்சம் மேல். "78,000 ரூபாய் மானியம் வருமே" என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். அது 2024-இல் வந்த பிரதமர் சூரிய வீடு திட்டம். பேரிலேயே வீடு இருக்கிறது, பள்ளிக்கூடத்துக்குக் கிடையாது. இதை விளக்கியே எனக்குத் தொண்டை வற்றிவிட்டது. முழுப் பணத்தையும் மும்பைக்காரர்களே போட்டார்கள்.

ஆடியில் மின்வாரியத்தில் விண்ணப்பம் கொடுத்தோம். மின் இணைப்பு யார் பேரில் இருக்கிறது என்று கேட்டார்கள். பழைய அட்டையைத் தேடி எடுத்தால், ஒன்றிய ஆணையர் பேர்! தொடக்கப் பள்ளியாக இருந்த காலத்து இணைப்பு. தரம் உயர்ந்த பிறகு யாரும் மாற்றவில்லை. தப்பு எங்கள் பக்கம்தான். பெயர் மாற்றம், அப்புறம் லோடு, அதாவது அந்த இணைப்புக்கு அனுமதித்த மின்சார அளவு. பதிவில் இருந்த லோடு 2 கிலோவாட். அதற்கு மேல் சோலார் வைக்க முடியாது என்றார்கள். 6 கிலோவாட்டாகக் கூட்டி, மூன்று பேஸாக மாற்றி முடிப்பதற்குள் ஐப்பசி வந்துவிட்டது. சோலார் போட நினைக்கும் பள்ளிக்காரர்கள் பேனல் விலை கேட்பதற்கு முன்னால் மின்கட்டண அட்டையில் இருக்கும் பேரைப் பாருங்கள்.

இதற்கு நடுவில் மொட்டை மாடியில் இடம் பார்த்தோம். தென்கோடியில் தண்ணீர்த் தொட்டி, மேடையோடு சேர்த்து எட்டடி உயரம். ஆடி மாதம் உச்சி வெயிலில் அதன் நிழல் தெற்கே, கைப்பிடிச் சுவர்ப் பக்கம் விழுந்தது. வடக்கே நிழலே இல்லை. தொட்டியை ஒட்டியே பேனலை வைத்துவிடலாம் என்று ஒப்பந்தக்காரர் டேப்பை விரித்துவிட்டார்.

அறிவியல் டீச்சர் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. "இப்ப சூரியன் நமக்கு வடக்க நிக்கி சார். மார்கழியில தெக்க போயிரும். அப்ப நிழல் இங்க வந்து படுக்கும்" என்று காலால் தரையைத் தட்டினார். நாம் இருப்பது நிலநடுக்கோட்டுக்கு வடக்கே எட்டு டிகிரி சொச்சத்தில். சூரியன் அந்தக் கோட்டுக்கு இரண்டு பக்கமும் 23½ டிகிரி வரை போய் வருகிறது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை மாடிக்குக் கூட்டிவந்து, சாக்பீஸால் மார்கழி நிழலைக் கணக்குப் போட்டு வரைய வைத்தார். உச்சியிலேயே வடக்கே ஐந்தடி. காலை ஒன்பது மணிக்கு இன்னும் நீளமாக, வடமேற்கே சாய்ந்து. பேனல்களை வரிசையாகக் கோப்பதால் ஒன்றில் நிழல் விழுந்தாலும் அந்த வரிசையே சுணங்கும். பத்தடி தள்ளி வைத்தோம். மார்கழியில் போய்ப் பார்த்தேன். நிழல் சாக்பீஸ் கோட்டில்தான் வந்து நின்றது. கோடு பாதி அழிந்திருந்தது, ஆனாலும் தெரிந்தது.

மாடித் தரையில் துளை போட வேண்டாம் என்பதில் தலைமையாசிரியை உறுதியாக இருந்தார். மேலே பதித்த தட்டோடு உடைந்தால் ஐப்பசி மழைக்கு ஒழுகும். கான்கிரீட் கட்டைகள் வார்த்து அதன்மேல் இரும்புச் சட்டம் நின்றது. எங்கள் ஊர் ஆனி, ஆடிக் காற்றை நினைத்து, ஒப்பந்தக்காரர் சொன்னதைவிடக் கனமாகவே கட்டைகளை வார்க்கச் சொன்னோம்.

பேனல் மாட்ட இரண்டே நாள். கசியும் கரண்டை மண்ணுக்குள் இறக்கும் எர்த் குழி தோண்ட நாலு நாள். பேனல் பக்கத்துக்கு ஒன்று, பேனல் கரண்டை லைன் கரண்டாக மாற்றும் இன்வெர்ட்டர் பக்கத்துக்கு ஒன்று, இடிதாங்கிக்குத் தனியாக ஒன்று. "ஒரே குழி போதும், எல்லாரும் அப்படித்தான் செய்றாங்க" என்றார் ஒப்பந்தக்காரர். கூடாது என்று நின்றேன். செம்மண்ணுக்குக் கீழே சரளை, கடப்பாரை தெறித்தது. கரியும் உப்பும் போட்டு மூடிய பிறகும் மின்தடை அளவு 14 ஓம். 5-க்குக் கீழே வர வேண்டும். ஒரு வாரம் தண்ணீர் ஊற்றியும் இறங்காததால் ஒரு குழியை மறுபடி ஆழமாகத் தோண்டினார்கள். அவர் முகம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

மாசியில், வாங்கும் கரண்டையும் கொடுக்கும் கரண்டையும் கணக்கிடும் இருவழி மீட்டர் வந்து, இன்வெர்ட்டரில் பச்சை விளக்கு எரிந்தது. மறுநாளே கரண்ட் போனது. சோலாரும் போனது. டீக்கடை அண்ணாச்சி என்னைப் பிடித்துக்கொண்டார்: "வெயில் அடிக்கு, தகடு இருக்கு, ஃபேன் ஓடலைங்கீரு. அப்ப எதுக்குவே மாட்டுனீரு?" லைனில் கரண்ட் இல்லாதபோது நம் இன்வெர்ட்டர் ஓடினால், கம்பத்தில் ஏறி வேலை பார்க்கிற லைன்மேனுக்கு ஷாக் அடிக்கும், அதனால் தானே அணைந்துவிடும்படி செய்திருக்கிறார்கள் என்றேன். பேட்டரியும் அதற்கேற்ற இன்வெர்ட்டரும் வைத்தால் ஓடும், அதற்கு வேறு பணம். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப சரி" என்று டீ ஆற்றப் போனார்.

நல்ல வெயில் நாளில் 22 யூனிட் வரை வருகிறது. மயில்தான் புதுத் தொந்தரவு. விடிகாலையில் பேனல் மேல் வந்து உட்கார்ந்து எச்சமிட்டுவிட்டுப் போகிறது. அது காய்ந்தால் தண்ணீருக்கு மட்டும் போகாது. சனிக்கிழமை காலை வெயில் ஏறுமுன் நானும் இன்னொரு அப்பாவும் துடைப்பத்தோடு ஏறுகிறோம். கீழே கரும்பலகையில், தேதிக்குப் பக்கத்தில் முந்தின நாள் யூனிட்டைப் பிள்ளைகள் எழுதிவைக்கிறார்கள். போன வாரம் ஒருநாள் 16 என்று எழுதி, பக்கத்திலேயே ஒரு மயிலும் வரைந்திருந்தார்கள்.