ஒரே கட்டடம், இரண்டு முகம்

சில படங்களில் கதையை விட்டுவிட்டு கட்டடத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். லாஸ் ஏஞ்சலீஸில் இருக்கும் பிராட்பரி கட்டடம் அப்படி ஒன்று. 1893-இல் கட்டியது. வெளியே சாதாரண செங்கல் சுவர்தான். உள்ளே போனால் ஐந்து மாடி உயரத்துக்குத் திறந்த முற்றம், மேலே கண்ணாடிக் கூரை, பூவேலை செய்த இரும்புக் கைப்பிடிகள், கூண்டு மாதிரி லிஃப்ட்!

'பிளேட் ரன்னர்' (1982) படத்தில் இதையே பாழடைந்து, தண்ணீர் சொட்டுகிற இடமாகக் காட்டியிருப்பார்கள். கூரைக் கண்ணாடி வழியே வெளிச்சம் உள்ளே துழாவிக்கொண்டு போகும். அப்புறம் 'தி ஆர்டிஸ்ட்' (2011). அதே படிக்கட்டு. புகழ் ஏறிவரும் இளம் நடிகை மேலே ஏறுகிறாள், புகழ் போன பழைய நடிகர் கீழே இறங்குகிறார். இருவரும் நடுவில் நின்று பேசுகிறார்கள். யார் உயர்கிறார், யார் சரிகிறார் என்பதைப் படிகளே சொல்லிவிடும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி.

இத்தாலியின் காப்ரி தீவில் கடற்பாறை மேல் நிற்கும் மலபார்த்தே வீட்டையும் சொல்லியாக வேண்டும். பிரெஞ்சு இயக்குநர் கோதார் 1963-இல் எடுத்த 'கண்டெம்ப்ட்' படத்தில் வருகிறது. மேலே போகப் போக அகலமாகும் படிகள் நேரே மொட்டைமாடிக்குப் போகும். அங்கே கைப்பிடிச் சுவர்கூடக் கிடையாது, சுற்றிலும் கடல்.

உங்களுக்குப் பிடித்த கட்டடம் எந்தப் படத்தில் வருகிறது? சொல்லுங்கள், தேடிப் பார்க்கிறேன்.