நால்வர் அணியும் நள்ளிரவு நேரமும்

வீடியோ கேம் பற்றிய பேச்சு நம் வீடுகளில் எழும்போதெல்லாம் முதலில் வந்து விழும் கேள்வி, ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் விளையாடுகிறாய் என்பதுதான். உலக சுகாதார அமைப்பு 2019 மே மாதம் ஏற்றுக்கொண்டு, 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்த நோய் வகைப்பாட்டின் பதினோராம் பதிப்பில், கேமிங் கோளாறும் இடம்பெற்றிருக்கிறது. ஆனால் அந்த வரையறையைத் தேடிப் படித்தால் மணிக்கணக்கு எங்கும் வராது. எப்போது தொடங்குவது, எப்போது நிறுத்துவது என்ற கட்டுப்பாடு கையை விட்டுப் போவது, மற்ற எல்லா ஆர்வங்களையும் அன்றாட வேலைகளையும் விட விளையாட்டு முன்னால் வந்து நிற்பது, தீங்கு நேர்வது தெரிந்த பிறகும் அது தொடர்வது ஆகிய மூன்றைத்தான் அது குறிப்பிடுகிறது. இவற்றால் குடும்பமோ படிப்போ வேலையோ நட்போ கணிசமாகப் பாதிக்கப்பட்டிருக்க வேண்டும். அந்த நிலை பொதுவாகப் பன்னிரண்டு மாதங்களாவது நீடித்திருக்க வேண்டும்.

இந்த அளவுகோலில் வைத்துப் பார்த்தால், விளையாடுகிறவர்களில் மிகச் சிலர்தான் நோயாளிகள். மீதிப் பேர் நோயும் இல்லாமல் நிம்மதியும் இல்லாமல் இடைப்பட்ட ஓர் அகன்ற வெளியில் இருக்கிறோம். நான் எழுத விரும்புவது அந்த வெளியைப் பற்றித்தான்.

பொறியியல் கல்லூரி விடுதியில் ஒரே தளத்தில் இருந்த நாங்கள் நான்கு பெண்கள், பப்ஜி மொபைல் என்ற துப்பாக்கிச் சண்டை விளையாட்டு கைபேசிக்கு வந்த புதிதில் ஓர் அணியானோம். படிப்பு முடிந்து ஒருத்தி ஓசூருக்கும், ஒருத்தி கோவைக்கும், ஒருத்தி புனேவுக்கும் போக, நான் சென்னைக்கு வந்தேன். முகம் தெரியாதவர்களோடு விளையாடும்போது மைக்கை அணைத்துவிடுவது எங்கள் வழக்கம். பெண் குரல் கேட்ட மறுகணம் அங்கே என்ன பேச்சு வரும் என்று விளையாடும் பெண்கள் எல்லோருக்கும் தெரியும். ஆகவே மைக்கைத் திறந்துவைத்துச் சத்தமாகச் சிரிக்கக்கூடிய ஒரே இடமாக எங்கள் நால்வர் அணி இருந்தது. இரவு பத்தரைக்கு மேல், வீட்டு வேலையும் அலுவலக அழைப்புகளும் ஓய்ந்த பின், எங்களுக்கே எங்களுக்கென்று கிடைத்த நேரமும் அதுதான்.

இத்தகைய விளையாட்டை நடுவில் நிறுத்துவது ஏன் கடினம் என்பதை, விளையாடாதவர்களுக்கு விளக்கியாக வேண்டும். பப்ஜியின் களங்களில் ஒன்றான எராங்கல் வரைபடம் எட்டுக்கு எட்டு கிலோமீட்டர் பரப்புள்ள தீவு. நூறு பேர் அதில் பாராசூட்டில் இறங்குகிறார்கள், பாதுகாப்பு வட்டம் சுருங்கிக்கொண்டே வருகிறது, கடைசி வரை நின்றால் ஏறக்குறைய அரை மணி நேரம் ஆகிறது. இடையில் நிறுத்திவைக்கும் பொத்தான் கிடையாது. அடிபட்டு விழுந்தவளை அணியில் இன்னொருத்தி ஓடிவந்து எழுப்பினால்தான் உண்டு. அம்மா சாப்பிடக் கூப்பிட்டாள் என்று ஒருத்தி எழுந்து போனால், மற்ற மூவரும் ஓர் ஆள் குறைந்து சாக வேண்டியதுதான். ஆகவே பதினொன்றரை மணிக்கு “ஒரே ஒரு மேட்ச் டி” என்று ஒருத்தி சொல்லும்போது நம்மைப் பிடித்து உட்காரவைப்பது விளையாட்டின் சுவை மட்டுமன்று. மூன்று பேரைக் கைவிடுகிறோமே என்ற கூச்சமும்தான்.

தினசரிப் பணிகள், காலக்கெடுவுக்குள் விளையாடிப் பரிசுகளைத் திறக்க வேண்டிய ராயல் பாஸ், சீசன் முடிந்ததும் கீழே இறக்கிவிடப்படும் ரேங்க் ஆகிய எல்லாமே இந்தக் கூச்சத்தின் மேல்தான் ஏறி உட்காருகின்றன. கிளாஷ் ஆஃப் கிளான்ஸ் விளையாட்டிலும் இதே கணக்குதான்: போர் நாளில் உனக்குரிய இரண்டு தாக்குதல்களைச் செய்யாமல் விட்டால், பாதிக்கப்படுவது உன் கிளான், அதாவது நீ சேர்ந்திருக்கும் குழு. தோழமையை இவ்வளவு நுணுக்கமாகக் கடமையாக மாற்றத் தெரிந்தவர்களின் திறமையை வியக்காமல் இருக்க முடியவில்லை. அதே காரணத்தால் அவர்களை நம்பவும் முடியவில்லை.

இந்த இடத்தில் பெற்றோர்கள் தவறவிடும் ஒன்றையும் சொல்ல வேண்டும். கதவைச் சாத்திக்கொண்டு தனியாகக் கிடக்கிறாள் என்று வெளியிலிருந்து தெரிவது பல நேரம் தனிமையே அல்ல. நார்வேயைச் சேர்ந்த மாட்ஸ் ஸ்டீன் என்ற இளைஞர், தசைச் சிதைவு நோயால் 2014-இல் தமது 25-ஆம் வயதில் இறந்தார். வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என்ற இணைய விளையாட்டிலேயே வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்த மகனுக்கு நண்பர்களே இல்லை என்று வருந்திய பெற்றோர், அவர் மறைவைப் பற்றி அவருடைய வலைப்பதிவில் அறிவித்தபோது, விளையாட்டில் அவரோடு பழகியவர்கள் பல நாடுகளிலிருந்து கடிதம் எழுதினார்கள்; சிலர் இறுதிச் சடங்குக்கே வந்தார்கள். அதைப் படித்த பிறகு, திரைக்கு அந்தப் பக்கம் இருப்பது போலி நட்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் சக்கர நாற்காலியிலிருந்து அவர் அந்த உலகத்துக்குள் போனதும், கால் நடக்கும் நாங்கள் அதற்குள்ளேயே இருந்துவிடுவதும் ஒன்றாகிவிடாது.

எங்கள் நட்பு எவ்வளவு தூரம் விளையாட்டைத் தாண்டி நிற்கும் என்பதைச் சோதித்துப் பார்த்தது, வேடிக்கையாக, இந்திய அரசு. 2020 செப்டம்பர் 2 அன்று பப்ஜி உள்ளிட்ட 118 செயலிகள் தடைசெய்யப்பட்டன. அக்டோபர் 30-இல் சர்வரும் நின்றுபோனது. அதற்கு முந்தைய ஊரடங்கு மாதங்களில் நாங்கள் அநேகமாகத் தினமும் பேசியவர்கள். அதன் பிறகு, 2021 ஜூலையில் பிஜிஎம்ஐ என்ற பெயரில் அது திரும்பி வரும் வரை, எங்கள் வாட்ஸ்அப் குழுவில் பிறந்தநாள் வாழ்த்தைத் தவிர ஏறக்குறைய எதுவும் இல்லை. தடைசெய்யப்பட்டது செயலிதான், தொலைபேசி எல்லோர் கையிலும் இருந்தது. ஆனாலும் எந்தக் காரணத்தைச் சொல்லி அழைப்பது என்று தெரியாதவர்களைப் போல நாங்கள் நால்வரும் சும்மா இருந்தோம்.

விளையாட்டு திரும்பியது, நாங்களும் திரும்பினோம். 2022-இல் பிஜிஎம்ஐயும் செயலிக் கடைகளிலிருந்து நீக்கப்பட்டாலும், ஏற்கெனவே தரவிறக்கியவர்களுக்கு அது வேலை செய்துகொண்டிருந்தது. அந்தக் காலத்தில்தான் ஓசூர்த் தோழியின் அப்பாவுக்கு இதய அறுவை சிகிச்சை நடந்தது. அந்த வாரம் முழுக்க அவள் இரவில் லாபிக்கு, அதாவது மேட்ச் தொடங்குமுன் அணி கூடும் திரைக்கு, வந்தாள், வழக்கம்போல வண்டி ஓட்டினாள், எங்களை எழுப்பினாள், எதிரி எந்த வீட்டு மாடியில் இருக்கிறான் என்று துல்லியமாகச் சொன்னாள். மருத்துவமனை வராந்தாவில் உட்கார்ந்துகொண்டுதான் அவள் விளையாடினாள் என்பது எங்களுக்குப் பல வாரம் கழித்தே தெரிந்தது. ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, “நீங்க யாரும் ஒண்ணும் கேக்க மாட்டீங்கன்னுதான் வந்தேன்” என்றாள். அந்தப் பதிலை நான் இரண்டு விதமாகவும் எடுத்துக்கொள்கிறேன். கேள்வி கேட்காத துணை அப்போது அவளுக்கு உண்மையாகவே தேவைப்பட்டது. இன்னொரு பக்கம், எதிரியின் காலடிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்த எங்கள் மூவரின் காதுக்கும் அவள் பின்னால் கேட்ட மருத்துவமனைச் சத்தம் எட்டவே இல்லை.

சமநிலை என்று எல்லோரும் சொல்வதை, விளையாட்டு ஒரு தட்டிலும் மனிதர்கள் மறு தட்டிலும் இருப்பதாக நினைத்துப் பேசுவதால்தான் அரசுகளும் கடிகாரத்தோடு நின்றுவிடுகின்றன என்பது என் எண்ணம். தென்கொரியா 2011-இல் பதினாறு வயதுக்கு உட்பட்டவர்கள் நள்ளிரவு முதல் காலை ஆறு மணி வரை இணையத்தில் விளையாடத் தடை விதித்தது. பத்தாண்டு கடந்ததும் அந்தச் சட்டத்தை அதுவே விலக்கிக்கொண்டது. சீனா 2021 முதல் சிறுவர்களுக்கு வெள்ளி, சனி, ஞாயிறு மற்றும் விடுமுறை நாள்களில் இரவு எட்டு முதல் ஒன்பது வரை மட்டுமே அனுமதி என்றது. நம் நாட்டில் 2023 மே மாதம் பிஜிஎம்ஐ மறுபடி அனுமதிக்கப்பட்டபோது பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்களுக்கு மூன்று மணி நேரம், மற்றவர்களுக்கு ஆறு மணி நேரம் என்று வரம்பு வந்தது. அம்மாவின் தொலைபேசி எண்ணில் கணக்குத் தொடங்கத் தெரியாத பிள்ளை எந்தத் தெருவில் இருக்கிறது? தவிர, நாளுக்கு ஆறு மணி நேரம் என்பது வேலைக்குப் போகும் ஒருவருக்கு வரம்பே இல்லை.

நாங்கள் செய்துகொண்ட ஏற்பாடு மிக எளியது. மணிக்கணக்கை விட்டுவிட்டு மேட்ச் கணக்குக்கு மாறினோம், ஏனென்றால் மேட்ச் முடியும் இடம்தான் யாரையும் கைவிடாமல் எழுந்துபோகக்கூடிய இடம். வேலை நாளில் இரண்டு. கடைசி மேட்ச் எது என்பதை லாபியிலேயே சொல்லிவிட வேண்டும், “இன்னும் ஒண்ணு” என்று யாரும் கெஞ்சக் கூடாது. ரேங்க் ஏற்றும் முயற்சியைக் கைவிட்டோம். இதுதான் எல்லாவற்றிலும் பெரிய விடுதலை. ஞாயிறு மாலை விளையாட்டு இல்லாத ஒரு தொலைபேசி அழைப்பு உண்டு. முதல் சில வாரங்கள் அது தாங்க முடியாத சங்கடமாக இருந்தது. கைக்கு வேலை இல்லாமல் வெறுமனே பேசுவதை நாங்கள் மறந்தே போயிருந்தோம். புனேக்காரி அவரைக்காய் நறுக்கிக்கொண்டே பேச ஆரம்பித்த பிறகுதான் நிலைமை சீரானது.

இதெல்லாம் தன் விருப்பப்படி நிறுத்த முடிகிறவர்களுக்கான ஏற்பாடு என்பதையும் சொல்லிவிடுகிறேன். நிறுத்த முடியாமல் தூக்கமும் வேலையும் கெட்டுப்போகிறவர்களுக்கு மருத்துவ உதவி இருக்கிறது. பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனை 2014 முதலே இதற்கென ஒரு சிகிச்சைப் பிரிவை நடத்துகிறது.

கோவைத் தோழி எங்கள் விதிகளை ஒப்புக்கொள்ளவில்லை. விளையாட்டின் உச்சமான காங்கரர் ரேங்கைத் தொட்டே தீருவேன் என்று முகம் தெரியாதவர்களோடு விடியும் வரை விளையாடுகிறாள். ஞாயிறு அழைப்புக்கும் பாதி நாள்தான் வருகிறாள். முன்பெல்லாம் இதற்காக அவளிடம் சண்டை போடுவோம், இப்போது போடுவதில்லை. அடுத்த மாதம் ஓசூரில் தோழியின் வளைகாப்பு. கல்லூரிக்குப் பிறகு நால்வரும் ஒரே கூரையின் கீழ் இருக்கப்போகும் முதல் நாள் அது. வருகிறேன் என்று கோவையிலிருந்து பதில் வந்துவிட்டது. மண்டபத்தில் சார்ஜர் போட இடம் இருக்குமா என்ற கேள்வியும் கூடவே வந்தது.