குன்னூர் உயரத்தில் இன்னொரு ஊர்

சென்னையில் 1,500 மீட்டர் ஓடிவிட்டுக் குன்னூர் திரும்பிய என் மாணவி ஒருத்தி, "கீழே மூச்சே வாங்கல சார்" என்றாள். கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு காற்றழுத்தமே உள்ள மலையில் ஓடிப் பழகும்போது, உடல் அந்தக் குறையை ஈடுகட்ட இரத்தச் சிவப்பணுக்களைக் கூடுதலாக உண்டாக்கிக்கொள்கிறது என்று பல ஆண்டுகள் உடற்பயிற்சி வகுப்பில் சொல்லி வந்திருக்கிறேன். அவள் சொன்னது அதற்குச் சான்றாக இருந்தது.

அக்கா மகன் வேலை செய்யும் அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸில் ஐந்து வாரம் தங்கியபோது அவள் நினைவு அடிக்கடி வந்தது. அந்த ஊரின் உயரம் 6,035 அடி, கிட்டத்தட்ட நம் குன்னூரின் உயரமேதான். நியூயார்க்கிலிருந்த அமெரிக்க ஒலிம்பிக் குழு 1978-இல் தன் தலைமையகத்தை இங்கே மாற்றி, விமானப்படை விட்டுச்சென்ற முகாமைப் பயிற்சி மையமாக்கியது. ஊர்ப் பூங்கா ஒன்றிலேயே 333 மீட்டர் சுற்றளவுள்ள சைக்கிள் பந்தயத் தடம் இருக்கிறது. 1986-இல் உலகச் சாம்பியன் போட்டி அதில்தான் நடந்தது. ஐஸ் ஹாக்கி அரங்குகளையும், 2021-இல் திறக்கப்பட்ட, 8,000 பேர் அமரக்கூடிய கால்பந்து அரங்கையும் பார்த்தேன். நன்றாகவே இருந்தன, ஆனால் சீட்டு வாங்கி உட்கார்ந்து பார்க்கும் இடங்களில் என் மனம் தங்கவில்லை.

அது தங்கியது பக்கத்து ஊரான மானிட்டூ ஸ்பிரிங்ஸின் மலைச்சரிவில். ஊட்டிக்கு அருகே கிளென்மார்கனில் நம் மின்வாரியம் வைத்திருக்கும், கம்பிவடத்தால் பெட்டியை மலைமேல் இழுக்கும் விஞ்ச்சைப் போல, நீர்மின் நிலையத்துக்குக் குழாய் பதிப்பதற்காக அமைத்து, பிறகு சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச்சென்ற இழுவை ரயில் ஒன்று அங்கே ஓடியிருக்கிறது. 1990-இல் பாறைச் சரிவால் அது நின்றுபோக, தண்டவாளத்தை எடுத்துவிட்டுக் கட்டைகளை விட்டுவைத்தார்கள். இன்று அவையே 2,700-க்கும் மேற்பட்ட படிகள். ஒரு மைலுக்கும் குறைவான தூரத்தில் ஏறக்குறைய 2,000 அடி ஏற்றம். சில கட்டைகளுக்கு நடுவே முழங்கால் உயரம் இடைவெளி விழுந்திருப்பதால், கையை ஊன்றித்தான் ஏற வேண்டியிருந்தது. ஒலிம்பிக் வீரர்கள் பயிற்சி எடுக்கும் அந்தப் படிகளில், கைத்தடியோடு ஒரு மூதாட்டி எனக்கு முன்னால் பத்துப் படிக்கு ஒரு முறை நின்று நின்று ஏறினார். முன்பதிவு செய்ய வேண்டும், கட்டணம் கிடையாது.

கட்டணமில்லாமை அந்த ஊரில் ஒரு மரபாகவே இருக்கிறது. செம்பாறைகள் செங்குத்தாக நிற்கும் 'கடவுளரின் தோட்டம்' பூங்காவில் பாறை ஏறுவோரும் ஓடுவோரும் நாள் முழுதும் இருக்கிறார்கள். ரயில்வே நிறுவனத் தலைவராக இருந்த சார்லஸ் எலியட் பெர்க்கின்ஸின் நிலம் அது. அவர் காலமான பின், 1909-இல் அவருடைய பிள்ளைகள் அதை நகரத்துக்குக் கொடுத்தபோது நிபந்தனைகள் விதித்தார்கள்: என்றும் மக்களுக்கு இலவசமாக இருக்க வேண்டும், மது விற்கக் கூடாது, பூங்காவைப் பராமரிக்கத் தேவையானவை தவிர வேறு கட்டடம் எழுப்பக் கூடாது. நூறு ஆண்டுகளைத் தாண்டியும் அங்கே நுழைவுச்சீட்டு இல்லை.

நான் பணியாற்றிய பள்ளியின் மைதானத்துக்கு அப்படிப்பட்ட எழுத்து எதுவும் இல்லை. ஏப்ரல், மே சீசன் வந்தால் அது வண்டி நிறுத்துமிடம் ஆகிவிடும்; பிள்ளைகளுக்கு விடுமுறை கிடைத்து, முழு நாளும் ஓடக்கூடிய மாதங்களும் அவைதான். சக்கரங்கள் உழுதுபோட்ட தடங்களை ஜூன் மாதத்தில் நானும் மாணவர்களும் மண்வெட்டியால் நிரவுவோம். மழை பிடித்துக்கொண்டால் அதுவும் நடக்காது. தேயிலைச் சரிவுகளுக்கு இடையே சமதளம் கிடைப்பதே அரிதான இந்த மலையில், இருக்கும் ஒன்றையும் இப்படி இழப்பது எனக்கு இன்றும் வேதனையாக இருக்கிறது. என் மாணவி அந்த இரண்டு மாதமும் லாரிகள் வரும் தார்ச்சாலையின் ஓரத்தில்தான் ஓடினாள்.

ஊர் திரும்பியதும் மனு ஒன்று எழுதினேன். மைதானம் விளையாட்டுக்கு மட்டுமே, கட்டணம் கூடாது, கட்டடம் கூடாது என்ற மூன்றையும் அரசாணையாகக் கேட்டிருக்கிறேன். முதல் கையெழுத்து அவளுடையது. திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கொடுக்க, இருவரும் காலைப் பேருந்தில் ஊட்டிக்குப் போகிறோம்.