சொல்லே இல்லாத பாட்டோடு ஆறு வாரம்

அமெரிக்கக் கறுப்பினப் பாடகரும் கிட்டார் கலைஞருமான பிளைண்ட் வில்லி ஜான்சன் 1927 டிசம்பர் 3 அன்று டல்லாஸில் பதிவு செய்த ‘டார்க் வாஸ் த நைட், கோல்டு வாஸ் த கிரவுண்ட்’ பாட்டை வாசித்தே தீருவது என்று கிட்டாரைத் தூசி தட்டி ஆறு வாரம் ஆகிறது. இப்போதைக்கு முதல் 40 வினாடி தேறும். மூன்று நிமிடச் சொச்சப் பாட்டு.

ஓபன் டி ட்யூனிங், அதாவது விரல் வைக்காமல் மீட்டினாலே டி கார்டு ஒலிக்கும் சுருதி, சுலபம்தான். 6, 2, 1 ஆகிய தந்திகளை ஒரு முழு ஸ்வரமும், 3-ஐ அரை ஸ்வரமும் இறக்கினால் டி, ஏ, டி, எஃப் ஷார்ப், ஏ, டி. ஆனால் பழைய பாட்டுகளுக்காகத் தினமும் இறக்கி ஏற்றியதில் இரண்டாம் வாரமே முதல் தந்தி அறுந்தது. அதோடு ட்யூனிங்கை மாற்றுவதை விட்டுவிட்டேன். தடிமனான தந்தி போட்ட பிறகுதான் ஸ்லைடு (தந்திமேல் சறுக்கும் குழாய்) ஃப்ரெட்டில் (கிட்டார் கழுத்தின் குறுக்குக் கம்பியில்) இடித்து ‘டக் டக்’ என்பது குறைந்தது.

ஜான்சன் பாக்கெட் கத்தியால் வாசித்தார் என்று ஒரு கட்சி, உடைத்த கண்ணாடி பாட்டிலின் கழுத்தால்தான் என்று இன்னொரு கட்சி. ஆசைக்குக் கத்தியையும் பிடித்துப் பார்த்தேன். வழுக்கிக்கொண்டே போகிறது. சுண்டுவிரலில் கண்ணாடிக் குழாயை மாட்டிக்கொண்டு மரியாதையாகத் திரும்பிவிட்டேன். குழாய்க்குப் பின்னால் மற்ற விரல்களால் தந்தியை லேசாகத் தொட்டு அடக்காவிட்டால் பாட்டைவிட இரைச்சல்தான் அதிகம் கேட்கும். இதற்கே பத்து நாள் போயிற்று.

உண்மையான இடி மூன்றாம் வாரம். ஃப்ரெட் கம்பிக்கு நேர் மேலே குழாயை வைத்தால் சுருதி சுத்தமாக இருக்கிறது, பாட்டு செத்துப்போகிறது. பதிவை வேகம் குறைத்துக் கேட்டேன். அந்த மனிதர் ஒரு ஸ்வரத்தில் வந்து உட்காருவதே இல்லை. கீழேயிருந்து தயங்கித் தயங்கி ஏறுகிறார், தொட்டதும் நடுக்கம், உடனே சறுக்கல். முதல் தந்தியில் மூன்றாவது ஃப்ரெட்டைக் கொஞ்சம் தாண்டி, எஃப்பும் இல்லாத எஃப் ஷார்ப்பும் இல்லாத ஓர் இடம் இருக்கிறது. கர்நாடக சங்கீதம் கேட்டு வளர்ந்த காதுக்கு அது புதிதில்லை. என் சுண்டுவிரலுக்குத்தான் புதிது.

ஒரு ராத்திரி கிட்டாரை ஓரம் வைத்துவிட்டு வாயால் முனகிப் பார்த்தேன். இந்தப் பதிவில் வார்த்தையே கிடையாது. தலைப்பு வந்தது, இயேசு கைதான கெத்செமனே தோட்டத்து ராத்திரியைப் பாடும் தாமஸ் ஹாவைஸின் 1792ஆம் ஆண்டுக் கீர்த்தனையிலிருந்து. ஜான்சன் அந்த வரிகளைத் தொடாமல் ம்ம், ஆ என்று மட்டும் முனகுகிறார். மூத்தவர் ஒருவர் அடி எடுத்துக்கொடுக்க, கறுப்பின பாப்டிஸ்ட் சபை இழுத்து இழுத்துப் பின்தொடரும் பழைய முறை அது. இங்கே சபையின் வேலையைக் கிட்டார் செய்கிறது. நான் மூச்சு விட்ட இடத்தில் குழாயையும் எடுத்தேன். அன்றைக்குத்தான் முதல் 15 வினாடி பாட்டு மாதிரி ஒலித்தது.

1927இல் டல்லாஸில் நடந்த அதே அமர்வில் ஜான்சன் ஆறு பாட்டு பதிந்தார். ‘நோபடிஸ் ஃபால்ட் பட் மைன்’ அவற்றில் ஒன்று. அதில் வரியின் கடைசிச் சொல்லைத் தானே விழுங்கிவிட்டுக் கிட்டாரைச் சொல்லவிடுவார். அந்தக் கரகரத்த குரலை மட்டும் முயற்சி செய்ய வேண்டாம். எனக்கு இரண்டு நாள் தொண்டை கட்டியது. 1930 வரை கொலம்பியா கம்பெனிக்கு அவர் பதிந்தது மொத்தம் 30 பாட்டு. 1945இல் டெக்சஸின் போமண்டில் வறுமையில் இறந்தார். 1977இல் வாயேஜர் விண்கலங்களில் பூமியின் ஒலிகளைச் சுமந்து போன தங்க இசைத்தட்டில் இந்த முனகலும் இருக்கிறது. இந்துஸ்தானிப் பாடகி கேசர்பாய் கேர்க்கரின் பைரவியும் அதே தட்டில்தான். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள்.

கட்டைவிரல்தான் பாக்கி. குழாய் தயங்கும்போது அடித்தந்தியைத் தட்டும் கட்டைவிரலும் கூடவே தயங்கிவிடுகிறது. இந்த வாரம் முழுக்க ஸ்லைடைக் கழற்றி வைத்துவிட்டு அடித்தந்தி மட்டும், தினம் 20 நிமிடம். பக்கத்து அறையிலிருந்து ‘இன்னுமா ட்யூன் பண்றே?’ என்று கேள்வி வந்தாயிற்று.