கொழுப்புக்குள்ள மெய்ட் செல் தேடின ஆறு மாசம்

ஒபிசிட்டி ஆபரேஷன்ல வயித்துல இருந்து எடுக்குற கொழுப்புல இம்யூன் செல்லைப் பிரிச்சு எண்ணுற வேலை, பிஎச்டி முதல் வருஷமே என் தலையில வந்துச்சு. புதுசா ஆரம்பிக்கிறவங்க யாருக்காவது உதவும்னு எழுதுறேன்.

நாங்க தேடினது வழக்கமான டி செல் இல்ல. அது புரதத் துண்டைப் பாத்துதான் கிருமியைக் கண்டுபிடிக்கும், ஆனா இந்த மெய்ட் செல்னு ஒரு தனி வகை டி செல் இருக்கே, பாக்டீரியா பி2 விட்டமின் தயாரிக்கும்போது உண்டாகுற பொருளை எம்ஆர்1னு ஒரு மூலக்கூறு ஏந்திக் காட்டினா அதைப் புடிச்சுக்கும், இது தெரிஞ்சதே 2012லதான். 2015ல பாரிஸ்ல ஒரு குழு, டைப் 2 சுகர் இருக்குறவங்க, ரொம்ப உடம்பு போட்டவங்க ரத்தத்துல இது கொறைஞ்சிருக்குன்னு சொன்னாங்க. ஆனா குண்டானவங்க கொழுப்புல ரத்தத்தை விட ஜாஸ்தி, அங்க உக்காந்து வீக்கத்தைத் தூண்டுற ஐஎல்-17ஐ சுரக்குது. ஆபரேஷன் முடிஞ்சு மூணு மாசத்துல ரத்தத்துல எண்ணிக்கை திரும்ப ஏறுச்சாம். அதனாலதான் வெறும் ரத்தம் போதாது, கொழுப்பும் வேணும்.

ஆபரேஷன் தியேட்டர்ல இருந்து கொழுப்பு டப்பா வந்ததும் கத்தரிக்கோலால நறுக்கணும், திசுவைக் கரைக்கிற என்சைமான கொலாஜினேஸ் ஊத்தி 37 டிகிரில குலுக்கணும், வடிகட்டி சுத்தவிட்டா மஞ்சளா கொழுப்பு மேல மிதக்கும், நமக்கு வேண்டியது அடியில செவப்பா ஒரு பொட்டு மாதிரி ஒட்டியிருக்கும். அவ்வளவுதான், ஆனா என் முதல் மூணு சாம்பிளும் போச்சு. துண்டு பெருசா இருந்ததால கரையல, கரையலன்னு ஒன்றரை மணி நேரம் விட்டுட்டேன், செல்லை எண்ணுற மெஷின்ல பாத்தா பாதிக்கு மேல செத்த செல், மிச்சத்துலயும் மெய்ட் செல்லை அடையாளம் காட்டுற சிடி161 மார்க்கர் மங்கலா தெரிஞ்சுது, என்சைம் செல் மேல இருக்குற மார்க்கரையும் அரிச்சிடும் போல. ஒரு மனுஷர் கையெழுத்து போட்டு நம்பிக் குடுத்தது அது, அன்னைக்கு சோறு இறங்கல.

நாலாவது தடவை அரிசி அளவுக்கு நறுக்கி 45 நிமிஷத்துல நிறுத்தினேன். ஸ்கிரீன்ல ஓரமா தனியா ஒரு கூட்டம், டெட்ராமர் (மெய்ட் செல்லுல மட்டும் ஒட்டி ஒளிர்ற மாதிரி எம்ஆர்1ஐ நாலு நாலா கோத்தது) புடிச்ச புள்ளிங்க. சீட்டை விட்டு எந்திரிச்சிட்டேன்.

ஐஎன்கேடி செல்லும் (கொழுப்பு வகைப் பொருளைப் புடிச்சுக்குற இன்னொரு தனி வகை டி செல்) பாக்கணும்னா சாம்பிள் நிறைய வாங்குங்க, மனுஷ ரத்தத்துல அது ரொம்ப அபூர்வம். எலியில அது கொழுப்புல வீக்கம் வராம காக்குற பக்கம், உடம்பு போட்டா காணாம போகும், எளைச்சா திரும்ப வரும். அப்புறம் எம்ஆர்1 டெட்ராமர் ஆர்டர் போடும்போதே மெய்ட் செல் புடிக்காத 6-எஃப்பிங்கிற பொருளை ஏத்துன கன்ட்ரோலையும் சேத்துப் போட்டுருங்க, அது இல்லாம தெரியுற கூட்டத்தை நம்பாதீங்க.