பால் சுறா பக்கம்

"அவங்க கேக்குறாங்க தம்பி. நீ ஆமான்னு எழுதிட்ட."

அக்கா இத கோவமா ஒன்னும் சொல்லல. நெத்திலிய கவர்ல அள்ளிப் போட்டுக்கிட்டே, எடை மெஷின்லேருந்து கண்ண எடுக்காம சொன்னாங்க. திட்டியிருந்தா நானும் பதிலுக்கு ரெண்டு வார்த்த பேசிட்டு அன்னைக்கே மறந்திருப்பேன்.

கடலூர் ஓ.டி.ல, அதாவது ஓல்டு டவுன்ல, அக்காவுக்கு கருவாட்டுக் கடை. வெப்சைட் நான் பாத்துக்கறேன், மாசம் ஒரு சின்ன தொகை, கூடவே வாளையோ வஞ்சிரமோ எது இருக்கோ அது. விளம்பரத்துக்குன்னு பத்து பைசா கிடையாது, அதனால எல்லாமே ஃப்ரீ டூல்தான். போட்டோ பெருசா இருந்து சைட்டு ஊர்ந்துச்சு, சைட்டு வேகத்த அளக்கற பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸ்ல போட்டா செவப்பு காட்டுச்சு, படத்த எல்லாம் சுருக்கினேன், சரியாச்சு. ஒரு வார்த்தைய எத்தன பேரு தேடுறாங்கன்னு சொல்ற கூகுள் கீவேர்டு பிளானர்ல, ஆட்ஸ் கணக்கு தொறந்து காசு கட்டாம பாத்தா சரியான நம்பர் தராது, நூறுலேருந்து ஆயிரம்னு ஒரு மொட்டக் கணக்கு தரும். இங்கிலீஷ் எழுத்துல கருவாடுன்னு அடிக்கறவங்க நடுவுல ஒரு 'ஏ' போடுறாங்களா ரெண்டு 'ஏ' போடுறாங்களான்னு கூகுள் ட்ரெண்ட்ஸ்ல ஒரு ராத்திரி முழுக்க பாத்துக்கிட்டு கெடந்தேன். அதுல வர்ற நூறு ஆர்டர் எண்ணிக்கை இல்ல, ஒன்னோட ஒன்ன ஒப்பிட்டு சொல்றதுன்னு அக்காவுக்கு விளக்கப் போய், "அப்ப நூறு பேரு வாங்கலியா"ன்னு கேட்டாங்க.

இதுல உண்மையிலேயே உதவினது கூகுளோட சர்ச் கன்சோல்தான். என்ன தேடும்போது நம்ம சைட்டு கண்ணுல படுது, அதுல எத்தன பேரு உள்ள வர்றாங்கன்னு 16 மாசம் வரைக்கும் பின்னாடி போய் பாக்கலாம். நெறைய தடவ கண்ணுல பட்டும் யாரும் தொடாத வார்த்தைய கண்டுபிடிச்சு, அதுக்குன்னு ஒரு பக்கம் எழுதுங்கறது இந்தத் தொழில்ல எல்லாருக்கும் தெரிஞ்ச பாலபாடம். நான் கண்டுபிடிச்சது பால் சுறா. சுறா கருவாட்டுக்கு நாங்க ஒரே ஒரு வரிதான் எழுதியிருந்தோம், அதுக்கே 'பால் சுறா கருவாடு தாய்ப்பால்'னு தேடுறவங்க கண்ணுல நாலாவது பக்கத்துல எங்கயோ பட்டுக்கிட்டு இருந்துச்சு.

எழுதறதுக்கு முன்னாடி அக்காகிட்ட கேட்டேன், இத நான் அழுத்தி சொல்லணும். "பால் சுறா குடுத்தா பால் ஊறும்லக்கா?"ன்னு கேட்டேன், "ஆமா, பிள்ள பெத்தவளுக்கு குடுப்பாங்க"ன்னாங்க. அவங்க சொன்னது குடுப்பாங்கன்னு. நான் எழுதினது 'தாய்ப்பால் நிச்சயம் பெருகும்'னு. அப்ப எனக்கு ரெண்டும் ஒன்னாத்தான் தெரிஞ்சுது, சத்தியமா.

பக்கம் நல்லா ஏறுச்சு. அந்த வருஷம் தடைக்காலத்துல, ஏப்ரல் 15லேருந்து ஜூன் 14 வரைக்கும் விசைப்படகு கடலுக்குப் போகாத அந்த 61 நாள்ல, சைட்டுக்கு ஆள கொண்டாந்ததே பாதி அந்தப் பக்கம்தான்.

அப்பதான் அந்த போன். கோயம்புத்தூர்லேருந்து ஒரு பொண்ணு, கொழந்தைக்கு இருவது நாள் ஆவுதாம். அக்கா கை ஈரமா இருக்கேன்னு ஸ்பீக்கர்ல போட்டாங்க, நான் பக்கத்துல லேபிள் ஒட்டிக்கிட்டு இருந்தேன். "உங்க சைட்ல நிச்சயம் பால் வரும்னு போட்டிருக்கே, ஒரு நாளைக்கு எத்தன கிராம் சாப்பிடணும்?"

அக்கா என்ன ஒரு பார்வ பாத்தாங்க. அப்புறம் போன்ல, "வீட்ல உன்கூட யாரும்மா இருக்கா?"ன்னு கேட்டாங்க. யாரும் இல்லயாம், வீட்டுக்காரரும் வேலைக்குப் போயிட்டாராம். "எங்க வீட்ல பச்ச சுறாவுலதான் புட்டு செஞ்சு குடுப்போம். இது கருவாடு, உப்பு ஜாஸ்தி. நீ டாக்டர ஒரு வார்த்த கேட்டுக்க, அப்புறமா வேணும்னா வாங்கு"ன்னுட்டு வச்சிட்டாங்க. அர கிலோ போயிருக்க வேண்டிய ஆர்டர்.

"இத யாரு தம்பி சொன்னா?"

"எல்லாரும் இததாங்க்கா தேடுறாங்க."

அதுக்குத்தான் அந்த பதில். கேக்குறாங்க, நீ ஆமான்னு எழுதிட்ட.

அன்னைக்கு ராத்திரி மஞ்சக்குப்பத்துல வீட்டுக்கு வந்து, முன்னாடியே தேடியிருக்க வேண்டியத அப்பதான் தேடினேன். அமெரிக்காவுல உணவு, மருந்த கண்காணிக்கற எஃப்டிஏ, கர்ப்பமா இருக்கறவங்களும் பால் குடுக்கறவங்களும் தவிர்க்கச் சொல்ற மீன்ல சுறாவையும் வச்சிருக்கு. பெரிய மீன் சின்னத தின்னு தின்னு ஒடம்புல பாதரசம் சேந்துடுமாம். உடனே மனசு வக்கீல் வேலைக்கு எறங்கிடுச்சு: பால் சுறான்னு விக்கறது சின்ன மீனுதானே, அதுல கம்மியாதான இருக்கும், நம்ம பாட்டி காலத்துலேருந்து குடுக்கறது தானே. இருக்கலாம். ஆனா இதுல ஒன்னையும் நான் எழுதறதுக்கு முன்னாடி யோசிக்கல. ஒடம்பு, காசு சம்பந்தப்பட்ட பக்கத்துக்கெல்லாம் கூகுள் தனியா 'யுவர் மனி ஆர் யுவர் லைஃப்'னு பேரு வச்சு கூடுதல் கண்டிப்போட பாக்குதுன்னு நான் படிச்சவன்தான். படிச்சப்போ அத பேங்க்குக்கும் ஆஸ்பத்திரிக்கும் சொன்னதுன்னு நெனச்சேன், கருவாட்டுக்கு என்னான்னு.

டூல் மேல பழி போட்டா கொஞ்சம் லேசா இருக்கும், ஆனா அது பொய் ஒன்னும் சொல்லலியே. இத்தன பேரு இத தேடுறாங்கன்னு சொல்லுச்சு, அவ்ளோதான். அந்தப் பொண்ணுக்கு முன்னாடி எத்தன பேரு போன் பண்ணாம நேரா ஆர்டர் போட்டாங்கன்னு மட்டும் நான் கணக்கு எடுக்கல. ஆர்டர் லிஸ்ட் என்கிட்டதான் இருக்கு, பத்து நிமிஷ வேல.

தலைப்ப மாத்திட்டேன். 'நிச்சயம்' போச்சு, 'பெருகும்' போச்சு, கீழ டாக்டர கேளுங்கன்னு ஒரு வரி சேத்தேன். ஆனா பக்கத்தோட அட்ரஸ்ல 'தாய்ப்பால்' இன்னும் அப்படியே இருக்கு. அத மாத்தி பழசுலேருந்து புதுசுக்கு ரீடைரக்ட் போட்டா பெருசா ஒன்னும் கொறையாதுன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் போடல. கிளிக் இன்னும் வருது, அக்கா அதுக்கப்புறம் அதப் பத்தி கேக்கவே இல்ல. கேட்டா சொல்லலாம்னு நெனச்சுக்கிட்டு இருக்கேன், அவங்க கேக்கமாட்டாங்கன்னும் தெரியும்.

போன வாரம் சென்னாகுன்னி, அந்தப் பொடி எறா கருவாடு, நெறைய வந்துருக்கு, அதுக்கும் ஒரு பக்கம் போடு தம்பின்னாங்க. தேடுற பொட்டியில சென்னாகுன்னின்னு அடிச்சேன். தமிழ்ல எத அடிச்சாலும் பின்னாடியே வாலு மாதிரி 'நன்மைகள்' வந்து ஒட்டிக்கும், இதுலயும் வந்துச்சு. அக்காவுக்கு போன் போட்டேன். "சென்னாகுன்னி ஒடம்புக்கு என்னாக்கா பண்ணும்?"

"தொவையல் நல்லா இருக்கும்"னாங்க.